ஐந்து ஓட்டை அட்டை

பஸ் பவானிப் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் மயிலாத்தாளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கியர் பெட்டி கிடைத்துவிட்டது, சாக்கு சுற்றிப் பின்னால் டிக்கியில் ஏற்றியாயிற்று, ஜன்னலோரத்தில் இடம்கூடக் கிடைத்துவிட்டது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாக்குத் தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில்தான், செருப்புக்குள் போன பொடிக்கல் மாதிரி, அந்த நினைப்பு வந்து உறுத்தியது. அட்டையை எந்தப் பக்கமாக வைத்துப் பார்த்தோம்? சரியாகத்தான் வைத்தோம். ஐந்து ஓட்டைக்கு நேராக ஐந்து ஓட்டை உட்கார்ந்ததே, ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தோமே. ஆனால் எந்தப் பக்கமாக? அட்டைக்கு ரெண்டு பக்கம் உண்டு என்பது இந்த நாற்பத்தாறு வயசுக்கு இப்போதுதான் தெரிந்ததாக்கும் என்று தன்னையே குத்திக்கொண்டாள். காலையில் வீட்டில் நிற்கிற வண்டியின் பின்முகத்தில் அட்டையை ஒட்டவைத்து, சின்னச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டி, போல்ட் ஓட்டைகளின் தடம் விழவைத்து, கத்தியால் வெட்டியெடுத்தவள் அவளேதான். அந்த அட்டை வண்டிக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒரு முகம் வண்டியைப் பார்க்க வேண்டும், மறுமுகம் பெட்டியைப் பார்க்க வேண்டும். வண்டியில் பட்ட முகத்தையே பெட்டியின் மேலும் கவிழ்த்திருந்தால் இடம் வலமாகிவிடும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. ஓட்டைகள் நாலு மூலைக்கு ஒன்றாக ஒழுங்காக இருந்திருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். வண்டியைச் செய்தவன் ஐந்தாவதை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டுத் தொலைத்திருக்கிறான். எதற்கு ஒதுக்கினானோ, செத்துப்போயிருப்பான், யாரைக் கேட்பது. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பார்க்கலாமா என்றால் பஸ் மலையேறத் தொடங்கிவிட்டது. அட்டை மடியில்தான் இருந்தது, பைக்குள், செய்தித்தாளில் சுற்றி. அவள் அதை எடுக்கவில்லை. பையின் வாயை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி என்றால் பெரிய டிராக்டர் ஒன்றும் கிடையாது. ஆள் இடுப்பு உயரம், பச்சை நிறம், முன்னால் ரெண்டு குட்டிச் சக்கரம். எந்தக் காலத்திலோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை தன் பங்களாப் பூந்தோட்டத்துக்காகக் கப்பலில் வரவழைத்தது. துரை போனபின் மாட்டுக்கொட்டாயில் கோழி முட்டை வைத்துக் கிடந்ததை ஆறுக்குட்டி, அவள் புருஷன், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார். பொம்பளை கழுத்தில் கிடக்க வேண்டியதை விற்று இதை வாங்கினாராக்கும் என்று அன்றைக்கு அவள் போட்ட சண்டை அரவேணு முழுக்கக் கேட்டது. அப்புறம் ஒரு நாள் கயிறு சுற்றி இழுத்ததும் அது இருமி, புகைவிட்டு, ஓட ஆரம்பித்தபோது முதலில் ஏறி உட்கார்ந்ததும் அவள்தான், அது வேறு விஷயம். வண்டி கிடைத்துவிட்டதே தவிர, அதன் பின்னால் மாட்டுகிற சாமான் எதுவும் கூட வரவில்லை. கலப்பையை வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் பிடித்தார். இழுவைப் பெட்டி கூடலூரில். மண்ணைப் புரட்டிப் பொடியாக்குகிற ரொட்டவேட்டரை மூன்று வருஷம் தேடினார், ஊர் ஊராக, மாப்பிள்ளை தேடுகிறவன்கூட அப்படி அலைய மாட்டான். மழைக்காலத்தில் வண்டிக்குச் சளி பிடிக்கும் என்பார். தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் பொறி பறக்கிற பாயின்ட்டைத் தேய்ப்பார், அந்தப் பொறிக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோவைக் கழற்றி அடுப்புத் திண்டில் சூடுகாட்டுவார், அது அவள் தோசைக்கல் வைக்கிற இடம். கேரட்டும் பூண்டும் போடுகிற அவர்கள் சரிவில் மாடு ஓட்டினால் மாடு உருளும், பெரிய டிராக்டர் ஏறாது, இந்தக் குட்டிப் பிசாசு மட்டும் சட்டமாக, அலுங்காமல் ஏறி இறங்கும். நாலு மாசமாக அவருக்கு வலது கையும் வலது காலும் வராது, பேச்சும் போய்விட்டது. காலையில் நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார். பொழுது இறங்குகிற வரைக்கும் அங்கேதான். இடது கையால் கிரீஸ் டப்பாவைத் திறந்து, தொட்டு, ஏதாவது ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு. அந்த இடத்தில் வண்டி இல்லாமல் போனால் நாற்காலியை எங்கே போடுவது? முதல் வளைவில் பஸ் சாய்ந்தது, பக்கத்தில் ஒரு கிழவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். நாற்காலியை எங்கே போடுவது. சுவரைப் பார்த்தா?

சக்கரத்தையும் ரொட்டவேட்டரையும் சுழற்றுகிற அந்தக் கியர் பெட்டியை உடைத்தது அவள்தான். யாருக்கும் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் அது அப்படித்தான். அவர் விழுந்த இரண்டாம் மாசம், சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்துப் பொறுக்காமல் தானே ஏறி ஓட்டினாள். நன்றாகத்தான் போனது. மேல் வயலில், கொய்யா மரத்துக்கு நேராக, மண்ணுக்குள் ஒரு பாறை முதுகு இருக்கிறது. அந்த இடம் வந்தால் அவர் நெம்புக் கம்பியை இழுத்து ரொட்டவேட்டரை ஒரு சாண் தூக்கிக்கொள்வார், தாண்டியதும் இறக்குவார், இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். தூக்குவதைப் பார்த்தாளே தவிர எதற்கென்று கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முகப்பு மூன்று துண்டாகப் போயிற்று. துண்டுகளைச் சேர்த்து வைத்தாலும் ஒரு ஓட்டை இருந்த இடத்தையே காணோம், இல்லாவிட்டால் பழைய பெட்டியையே தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் போயிருப்பாளே, அட்டை எதற்கு. அப்புறம்தான் கொழுந்தன் நாச்சிமுத்து வந்தான், அண்ணியான அவளை நங்கை என்று கூப்பிடுகிறவன். நாச்சிமுத்து கெட்டவன் இல்லை, அதுதான் சங்கடம், கெட்டவனாக இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். "நங்கை, ஒடஞ்ச வண்டிய வெச்சுட்டு என்னங்க பண்ணப் போறீங்க? கீழ புதுசா விடுதி கட்டறவரு கேக்கறாரு. செவப்புப் பெயின்ட் அடிச்சு வாசல்ல நிறுத்தி, சீட்டு மேல பூந்தொட்டி வெப்பாராமா. அண்ணனும் பாத்துப் பாத்து மனசு நொந்துதான போறாரு" என்றான். சீட்டு மேல் பூந்தொட்டி. அவர் உட்கார்ந்த சீட்டு மேல். அவர் முன்னாலேயே வைத்து அவள் சொன்னாள்: "அடுத்த வாரம் சனிக்கெழம பொழுதெறங்கறதுக்குள்ள வண்டிய ஓட்டிக் காட்டறேன். ஓடலீன்னா ஞாயித்துக்கெழம காத்தால வேன் வரட்டும்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. விட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. வண்டியை மட்டுமா, எல்லாவற்றையுமே. அந்தப் பயத்தைத்தான் அவள் பத்து நாளாக அடுப்படியிலும் வயலிலும் தூக்கிக்கொண்டு திரிகிறாள், இப்போது பஸ்ஸிலும்.

குஞ்சப்பனையில் பஸ் நின்றது, ரெண்டு பேர் இறங்கி, மூன்று பேர் பலாப்பழத்தோடு ஏறினார்கள். பஸ்ஸுக்குள் பலா வாசனை. காலையில் காசிம் பாய் கடையில் துரு வாசனை. மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில் அவள் வருகிறாள் என்றதும் காசிம் பாய் எழுந்தே நின்றார், கவுண்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார், ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். போன மாசம் ஒரு எஸ்டேட் ஏலத்தில் வந்த குவியலைக் காட்டினார். அதில் ரெண்டு கியர் பெட்டி கிடந்தது, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. "பாத்து எடுங்க அம்மிணி. ஒண்ணு எடத்துக்கு, ஒண்ணு வலத்துக்கு. மிச்சம் நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு உருக்காலை லாரில ஏறிடும்." வலம் என்றால் எந்த வலம்? சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற வலமா, எதிரே நின்று பார்க்கிற வலமா? தரையில் குப்புறக் கிடக்கிற பெட்டிக்கு ஏது இடமும் வலமும். கேட்டிருக்கலாம். கேட்டால் இந்தப் பொம்பளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று, "அட்டை இருக்குதுங்க பாய், எங்க ஊட்டுக்காரரு அட்டை தப்பாது" என்று சொல்லிவிட்டாள். அவர் வெட்டின அட்டையாம்! வாய் கூசாமல் வந்தது. முதல் பெட்டியில் வைத்தாள், நாலு ஓட்டை உட்கார்ந்தது, ஐந்தாவது தள்ளிப்போயிற்று. ரெண்டாவதில் வைத்தாள், ஐந்தும் கச்சிதம். கை தட்டாத குறை. பாய் கடைக்கு டெலிபோன்கூடக் கிடையாது, இருந்தாலும் எங்கேயிருந்து பேசுவது. ஒதுக்கிய அந்த முதல் பெட்டி அவள் கண்ணுக்குள் வந்து கிடந்தது, வாயைப் பிளந்துகொண்டு. அது சரியானதாக இருந்து தொலைத்தால்? இருக்காது. இருந்தால்?

சுத்தம் வேண்டும் என்று நினைத்ததுதான் தப்போ. அவர் அட்டை எடுத்தால் கிரீஸாக இருக்கும், பார்க்கவே அருவருப்பாக. அவள் வண்டியின் முகத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வேட்டித் துணியால் துடைத்து, பளிச்சென்று வைத்துக்கொண்டல்லவா அட்டையை ஒட்டினாள். அட்டையும் பளிச். போன தீபாவளிச் சட்டைக்குள் மடித்து வந்த அட்டை, ரெண்டு பக்கமும் வெள்ளை. அந்தச் சட்டையை அவர் ஒருநாள் போட்டதோடு சரி, இப்போது பொத்தான் போட முடியாது என்று டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. வெட்டி முடித்து ஓட்டைகளை ஊதிக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து இடது கையை நீட்டினார். கட்டைவிரல் முழுக்கக் கிரீஸ். அட்டையின் மேல் அமுத்த வந்தார். ஏழே கால் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கைய வெக்காதீங்க, அழுக்காயிரும்." அவர் விடவில்லை, ஆ, ஆ என்று ஏதோ சொல்லிக்கொண்டு மறுபடியும் விரலை நீட்டினார். "எல்லாம் எனக்குத் தெரியுமுங்க. நீங்க பேசாம உக்காருங்க" என்றாள். பேசாம உக்காருங்க. பேச்சு வராத மனுஷனைப் பார்த்து. பஸ்ஸின் இரைச்சலுக்குள் அந்த வார்த்தை அவள் குரலிலேயே திரும்பத் திரும்ப வந்தது, அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எதற்காக அமுத்த வந்தார்? சின்னப் பிள்ளை மாதிரி விளையாட்டுக்கா? கொட்டாயின் ஆணியில் அவர் வெட்டின அட்டைகள் கொத்தாகத் தொங்கும், ஒவ்வொன்றும் ஒரு சாமானுக்கு, கலப்பை, இழுவைப் பெட்டி, புல்வெட்டி. எல்லாவற்றிலும் கட்டைவிரல் ரேகை ஒன்று, கருப்பாக, பத்திரத்தில் வைக்கிற மாதிரி. கை கழுவாமல் தொடுகிற மனுஷன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரு பொங்கலுக்குக் கொட்டாயைச் சுத்தம் செய்தபோது அத்தனை அட்டையையும் துணி போட்டுத் துடைத்தே வைத்தாள். ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை அவர். அந்த வருஷம்தான் புல்வெட்டிக்கு வாங்கிய தாங்கி இடம் வலமாக வந்து, திருப்பிக் கொடுக்க ஊட்டிக்குப் போனார், வந்ததும் எல்லா அட்டையிலும் மறுபடி விரலை அமுத்திவைத்தார். கை கழுவாத மனுஷன் என்றால் ரேகை ரெண்டு பக்கமும் இருக்க வேண்டுமே. ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எல்லா அட்டையிலும் ஒரே ஒரு பக்கத்தில். வண்டியைப் பார்க்கிற பக்கத்தில். அட, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, வாய் இருந்த காலத்தில்! பாறையையும் சொல்லவில்லை, ரேகையையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காதவளும் சொல்லாதவரும் இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டியை வைத்துக் குடித்தனம் பண்ணியிருக்கிறார்கள்.

இனிமேல் பார்க்காமல் இருப்பதில் அர்த்தம் இல்லை. செய்தித்தாளைப் பிரித்தாள். அட்டையில் இப்போது ஒரு பக்கம் கறையாக இருந்தது, பாய் கடைப் பெட்டியின் பழைய கிரீஸ். அந்தப் பக்கம்தான் பெட்டியில் பட்ட பக்கம், அதில் சந்தேகம் இல்லை. வண்டியில் பட்ட பக்கம் எது? சுத்தியலால் தட்டும்போது அட்டை ஓட்டைக்குள் அமுங்கும், தட்டிய பக்கத்தில் விளிம்பு உள்ளே இறங்கியிருக்கும், வண்டியில் பட்ட பக்கத்தில் மெல்லிய உதடு மாதிரி வெளியே நீட்டியிருக்கும். இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விரலுக்கே தெரியும். சுத்தமான பக்கத்தில் விரலை ஓட்டினாள். வழவழவென்று உள்ளே இறங்கியது. சரி, இது அவசரத்தில் ஒரு ஓட்டை அப்படி இருக்கும் என்று அடுத்ததற்குப் போனாள். அதுவும் இறங்கியது. ஐந்தும். கறைப் பக்கத்தைத் திருப்பினாள். உதடு, உதடு, உதடு. எண்ண வேண்டியதே இல்லை. வண்டியில் பட்ட பக்கத்தையே பெட்டியின் மேலும் வைத்திருக்கிறாள். டிக்கியில் கிடப்பது இடம் வலம் மாறின பெட்டி. சரியானது பாய் கடையில், அவள் காலால் ஒதுக்கிவிட்ட அந்த முதல் பெட்டி, காலையில் லாரி ஏறப்போகிறது. பக்கத்துக் கிழவர் "என்னங்க அம்மிணி, வாந்தி வருதா?" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், எதற்கென்று தெரியாமல். இங்கேயே இறங்கி, எதிரே வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினால்? கடை சாத்துவதற்குள் போய்விடலாம், திரும்பி வர பஸ் இருக்காது, துணைக்கு வந்திருக்கிற நாச்சிமுத்து பொழுதிறங்கினால் போய்விடுவான், அவரை யார் கைத்தாங்கலாகக் கொட்டாயிலிருந்து உள்ளே கூட்டிப்போவது, யார் சோறு பிசைந்து கொடுப்பது. எழுந்தாள், கண்டக்டர் பார்த்தார், உட்கார்ந்தாள். தேயிலைச் சரிவுகள் வந்துவிட்டன, மஞ்சு இறங்கியிருந்தது, ஜன்னலில் பொடித் தூறல். போய் என்ன சொல்வது? கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? சாக்கைப் பிரிக்காமல் வைத்துவிட்டால் என்ன? அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்ல முடியாது, ஸ்பானரைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். பூந்தொட்டி. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சலாக இருந்தது, தன் மேல், சுத்தத்தின் மேல், ஐந்தாவது ஓட்டையின் மேல். அரவேணு அரவேணு என்று கண்டக்டர் கத்தினார்.

டிக்கியிலிருந்து சாக்கை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டுப் பஸ் போனபின்தான் பார்த்தாள். டீக்கடைக் கூரைக்குக் கீழே நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தான், அவன் தோளில் இடது கையைப் போட்டுக்கொண்டு ஆறுக்குட்டி. நாலு மாசமாக வீட்டு வாசலைத் தாண்டாத மனுஷன், வேட்டி முழங்கால் வரை சேறு. அவள் சாக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். "என்னாச்சுங்க? ஏன் இங்க கூட்டிட்டு வந்தே?" நாச்சிமுத்து பரிதாபமாகப் பார்த்தான். "நானெங்க கூட்டிட்டு வந்தேன் நங்கை, அவருதான் என்னைய இழுத்துட்டு வந்தாரு. நீங்க பஸ் ஏறினதுல இருந்து ஒரே ரகளைங்க. நோட்டு அட்டையக் குடு, கத்தியக் குடு, சுத்தியலக் குடுன்னு கையக் காட்டறாரு. புடிச்சுக்கறேன்னா விட மாட்டேங்கறாரு. அட்டையத் தோள்ல அமுத்தி வெச்சுட்டு ஒத்தக் கையில தட்டித் தட்டி, மத்தியானம் சோறு கூடத் திங்கலைங்க." ஆறுக்குட்டி நாச்சிமுத்துவின் தோளை விட்டுவிட்டு, கடைத் தூணில் சாய்ந்துகொண்டு, மேல்துண்டுக்குள் இருந்ததை எடுத்து அவளிடம் நீட்டினார். பழுப்பு அட்டை. ஓரமெல்லாம் கோணல்மாணல், கத்தி வழுக்கிய இடத்தில் கிழிசல். ஐந்து ஓட்டை. ஒரு பக்கத்தின் நடுவில் பெரிதாக, கருப்பாக, ஒரு கட்டைவிரல் ரேகை, இன்னும் ஈரம் காயாமல். ஆணியில் தொங்குகிறவற்றில் இருப்பது போல் இது இல்லை, சுழி வேறு மாதிரி இருந்தது. இது இடது கை.

"தப்பா வாங்கிட்டேனுங்க" என்றாள் அவள். அவர் சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். "சரியானது அங்கயே கெடக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு லாரில ஏறிடும்." மறுபடியும் ஆட்டினார். "காத்தால உங்களப் போயி பேசாம உக்காருங்கன்னு..." பஸ்ஸில் வராத அழுகை நடுரோட்டில் வந்தது, டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஆறுக்குட்டியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நாலு மாசத்துக்குப் பிறகு அவர் சிரிக்கிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், பிறகு கீழே மேட்டுப்பாளையம் போகிற ரோட்டைக் காட்டினார். "இவரு எப்படிங்க பஸ்ல வருவாரு?" என்றான் நாச்சிமுத்து. "வருவாரு" என்றாள் மயிலாத்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. டீக்கடைக்காரரிடம் முதல் பஸ் எப்போது என்று கேட்டாள், அஞ்சரைக்கு என்றார். நாச்சிமுத்துவிடம் சாக்கைத் தூக்கச் சொல்லிவிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கையில் அட்டை. ரேகை அழிந்துவிடாமல் அதை ஓரத்தில் மட்டும் ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தூறல் படாமல் முந்தானையால் மூடி, வீடு வரைக்கும் நடந்தாள்.